ஹ்மோங் மக்கள் எங்கிருந்து வந்தார்கள்?

அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்தில் ஒரு ஹ்மோங் முதியவர் இறந்துபோனால், பழைய வழக்கத்தை விடாத குடும்பம் 'வழி சொல்ல'த் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்கும். அவர் இறந்தவரின் பக்கத்தில் நின்று நீளமான பாட்டு ஒன்றைப் பாடுவார். அதற்குக் 'குவா கெ' என்று பெயர். உயிர் எந்தெந்த ஊர் வழியாகத் திரும்பிப் போக வேண்டும் என்பதை அந்தப் பாட்டு வரிசையாகச் சொல்லும். கடைசியாக வாழ்ந்த வீடு, அதற்கு முன் இருந்த ஊர், அதற்கும் முன் தாய்லாந்தின் அகதி முகாம், அப்புறம் லாவோஸ் மலையில் ஒரு கிராமம் என்று பின்னோக்கியே போகும். ஒவ்வோர் ஊரிலும் அந்த மண்ணின் தெய்வங்களுக்கு, இத்தனை நாள் தண்ணீரும் விறகும் கொடுத்தீர்களே என்று நன்றி சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். முடிவில் பிறந்த வீடு வரும்.

பிறந்த வீட்டுக்கு ஏன் போக வேண்டும்? அங்கேதான் நஞ்சுக்கொடியைப் புதைத்திருக்கிறார்கள். ஆண் குழந்தை என்றால் வீட்டின் நடுத்தூண் அடியில், பெண் குழந்தை என்றால் பெற்றோரின் கட்டிலுக்கு அடியில். நஞ்சுக்கொடியை அவர்கள் மொழியில் 'குழந்தையின் சட்டை' என்பார்கள். பிறக்கும்போது கழற்றிப்போட்ட அந்தச் சட்டையை மறுபடி உடுத்திக்கொண்டால்தான் முன்னோர் இருக்கும் இடத்துக்குப் போக முடியுமாம்.

ஹ்மோங் வரலாற்றுக்குள் நுழைய நான் இந்தப் பாட்டையே வாசலாக எடுத்துக்கொள்கிறேன். இவர்களைப் பற்றிப் பிறர் எழுதிவைத்ததில் பாதி ஊகம், கால்பங்கு வசவு. இவர்களே சுமந்து வந்தவை பாட்டும் பேச்சும்தான். அவற்றை நம்பிப் போனால் ஓரளவு தெளிவான பாதை கிடைக்கிறது.

முதலில் ஒரு சுருக்கமான அறிமுகம். ஹ்மோங் மக்களுக்கென்று ஒரு நாடு கிடையாது. சீனாவின் தென்மேற்கு மலைகள், வியட்நாமின் வடக்கு, லாவோஸ், தாய்லாந்தின் வடக்கு என்று தொடர்ச்சியான ஒரு மலைப்பகுதியில் அடர்த்தியாக வாழ்கிறார்கள். 2019 கணக்கெடுப்பின்படி வியட்நாமில் ஏறத்தாழ 14 லட்சம் பேர். லாவோஸில் 2015-இல் எடுத்த கணக்கு கிட்டத்தட்ட 6 லட்சம். அமெரிக்காவில் மூன்றரை லட்சத்துக்கு மேல். பிரான்ஸ், ஆஸ்திரேலியா, தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானா ஆகிய இடங்களிலும் சிறு கூட்டங்களாக இருக்கிறார்கள். சீனாவில் எத்தனை பேர் என்று கேட்டால்தான் சிக்கல். அதற்குப் பெயர்க் கதையைச் சொல்ல வேண்டும்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

சீன அரசு இவர்களை 'மியாவ்' என்ற இனப் பட்டியலில் வைத்திருக்கிறது. 2020-இல் அந்தப் பட்டியலில் 1 கோடியே 10 லட்சம் பேர் இருந்தார்கள். ஆனால் மியாவ் என்பது ஒரே மக்கள் அல்ல. கிழக்குக் குய்சோ மாநிலத்தில் வாழ்பவர்கள் தங்களை 'ஹ்மு' என்கிறார்கள். மேற்கு ஹூனானில் இருப்பவர்கள் 'ஷோங்'. வடமேற்குக் குய்சோவிலும் யுன்னானிலும் 'ஆ-ஹ்மாவ்' என்று ஒரு பிரிவு. இவர்களோடு சேர்த்துத்தான் ஹ்மோங். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது. இதில் வேடிக்கை, ஹைனான் தீவில் 'மியாவ்' என்று பதிவானவர்கள் பேசுவது மியாவ் மொழியே இல்லை. அது யாவ் என்ற வேறோர் இன மக்களின் மொழி. அரசாங்கப் பட்டியலை வைத்து மொழி வரைபடம் போட்டால் இப்படித்தான் ஆகும்.

மியாவ் என்பதைச் சீன எழுத்தில் எழுதும்போது வயலுக்கு மேல் புல் முளைத்தது போல இருக்கும். 'நாற்று' என்று பொருள். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பூனை ஞாபகம் வருகிறது. நமக்கு மட்டுமல்ல, வியட்நாமியருக்கும். அங்கே 'மெவ்' என்றால் பூனையேதான். வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மூன்று இடத்திலும் சமவெளிக்காரர்கள் இவர்களை நெடுங்காலம் அப்படித்தான் அழைத்தார்கள். அதில் இளக்காரம் கலந்திருந்தது. அதனால் சீனாவுக்கு வெளியே இருக்கும் ஹ்மோங் யாரும் அந்தப் பெயரை விரும்புவதில்லை. சீனாவுக்குள் 'மியாவ்' என்பது அப்படி ஒரு வசவாக இப்போது இல்லை. பலர் அதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

சரி, 'ஹ்மோங்' என்றால் என்ன பொருள்? 'சுதந்திரமானவர்' என்று பல இடத்தில் எழுதியிருக்கும். அமெரிக்காவில் அச்சான துண்டுப் பிரசுரங்களிலிருந்து சுற்றுலா வழிகாட்டிகள் வரை அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மொழியியல் அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. அது அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர், அவ்வளவுதான். அடக்கப்பட்ட மக்களுக்கு அந்த அர்த்தம் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

தமிழில் 'ஹ்மோங்' என்று எழுதினாலும் அந்த முதல் ஒலி நம்மிடம் கிடையாது. உதட்டை மூடிக்கொண்டு, குரல் எழுப்பாமல் மூக்கு வழியாகக் காற்றை விட்டுப் பிறகு 'மோங்' என்று சொல்லிப் பாருங்கள். கிட்டத்தட்ட வந்துவிடும். இந்த மூச்சு ஒலி பின்னால் ஒரு சண்டைக்கே காரணமாகப் போகிறது.

தோற்றம்: கதைகளும் தடயங்களும்

பழைய சீன நூல்களில் சீயூ என்று ஒரு தலைவன் வருகிறான். மஞ்சள் பேரரசனோடு சூலூ என்ற இடத்தில் போரிட்டுத் தோற்றவன். சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் கி.மு. 100-ஐ ஒட்டி எழுதிய வரலாற்றிலேயே இந்தப் போர் இருக்கிறது. சீயூவின் மக்கள்தான் தெற்கே விரட்டப்பட்டு மியாவ் ஆனார்கள் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் கதை. 1990களில் சூலூவில் கட்டிய நினைவு மண்டபத்தில், வென்ற பேரரசனோடு தோற்ற சீயூவையும் மூதாதையாக வைத்துவிட்டார்கள். இது வரலாறா என்று கேட்டால் தயக்கம்தான். பழைய நூல்களில் 'மூன்று மியாவ்' என்று ஒரு பெயர் வருகிறது. பிறகு பல நூற்றாண்டுகள் அந்தப் பெயரே காணோம். திரும்ப வரும்போது தெற்கு மலைகளில் இருந்த, சீனரல்லாத எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் சொல்லாக வருகிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் மக்களும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு கதை இதைவிடத் தூரம் போகும். பிரெஞ்சுப் பாதிரியார் சவினா 1924-இல் மியாவ் வரலாறு ஒன்றை எழுதினார். பனியும் நீண்ட இரவும் உள்ள குளிர் நாட்டைப் பற்றி ஹ்மோங் முதியவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு, இவர்கள் வடக்கே சைபீரியா போன்ற இடத்திலிருந்து, அதற்கும் முன் மேற்காசியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். விவிலியத்தின் பாபேல் கோபுரம் வரை அவர் மனம் போயிற்று. இதற்கு வேறு எந்தச் சான்றும் இல்லை. ஆனாலும் நூறு வருடமாக அந்தக் கதை சாகவில்லை. இணையத்தில் இன்றும் யாராவது புதிதாகக் கண்டுபிடித்ததுபோல எழுதிக்கொண்டிருப்பார்கள்.

மொழி சொல்வது இதைவிட எளிமையானது, எனக்கு இதைவிடச் சுவையானதும்கூட. ஹ்மோங் மொழி சீன மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. தாய்லாந்து, வியட்நாம் மொழிகளோடும் உறவில்லை. ஹ்மோங்-மியென் என்பது தனிக் குடும்பம். அதில் ஒரு கிளை ஹ்மோங், ஹ்மு, ஷோங் முதலியவை. இன்னொரு கிளை யாவ் மக்கள் பேசும் மியென். இந்த மொழிகளை எல்லாம் ஒப்பிட்டு, அவற்றுக்கு முன் இருந்த மூல மொழியின் சொற்களை ஆய்வாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். அதில் நெல் சார்ந்த சொற்கள் இருக்கின்றன. மிகப் பழைய சீனத்திலிருந்து கடன் வாங்கிய சொற்களும் ஏராளம். நெல்லும் பழஞ்சீனமும் சேரும் இடம் எது? யாங்சி ஆற்றுப் படுகை. அந்த ஆற்றின் நடுப்பகுதியில் கிடைத்த பழைய எலும்புகளின் மரபணுவிலும், இன்றைய ஹ்மோங்-மியென் மக்களிடம் அதிகமாகக் காணப்படும் தந்தைவழிக் குறி ஒன்று இருந்திருக்கிறது. ஆக, சைபீரியாவுக்கெல்லாம் போக வேண்டாம். யாங்சிக் கரையில் நெல் விளைவித்த மக்கள், சீனப் பேரரசு தெற்கே விரிய விரிய மேடு பார்த்து ஏறினார்கள்.

மலை ஏறிய கதை

ஏற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 'இடப்பெயர்வு' என்றதும் ஒரு பெருங்கூட்டம் மூட்டை முடிச்சோடு கிளம்பிய காட்சி மனதில் வரும். ஹ்மோங் நகர்ந்தது அப்படி அல்ல. காட்டைத் திருத்தி எரித்து, சில ஆண்டுகள் விளைவித்து, மண் சோர்ந்ததும் அடுத்த சரிவுக்குப் போவார்கள். அண்ணன் போன இடத்துக்குத் தம்பி குடும்பம் வரும். இரண்டு தலைமுறையில் நான்கு மலை தாண்டியிருப்பார்கள். தள்ளும் கை எப்போதும் வடக்கிலிருந்துதான் வந்தது.

சீனாவின் மிங் அரசு 16-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஹூனானில் மியாவ் மக்களைத் தடுக்க ஒரு சுவரே எழுப்பியது. சுவருக்கு இந்தப் பக்கம் வரி கட்டி அதிகாரிகளுக்கு அடங்கியவர்கள் 'வெந்த மியாவ்', அந்தப் பக்கம் அடங்காதவர்கள் 'வேகாத மியாவ்'. நான் கற்பனை செய்யவில்லை, சீன அதிகாரிகள் எழுத்தில் பயன்படுத்திய சொற்களே இவை. 1720களில் சிங் பேரரசு உள்ளூர்த் தலைவர்களை நீக்கிவிட்டு நேரடியாகத் தன் அதிகாரிகளை அமர்த்தத் தொடங்கியது. பின்னாலேயே வரி வந்தது, படைமுகாம் வந்தது, நிலம் தேடிச் சீனக் குடியானவர்கள் வந்தார்கள். கலகம் வெடித்தது. 1735-இல் ஒன்று, 1795-இல் ஒன்று, 1854-இல் தொடங்கி 1873 வரை நீண்ட ஒன்று. மூன்றும் இரத்தத்தில் முடிந்தன. கலகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஹ்மோங் அல்ல, ஹ்முவும் ஷோங்கும் நிறைய. ஏழைச் சீனர்களும் சேர்ந்திருந்தார்கள். ஆனால் அந்தக் கொந்தளிப்பு முழுப் பகுதியையும் குலுக்கியது. தெற்கு ஓரத்தில் இருந்த ஹ்மோங் குடும்பங்கள் வியட்நாம் மலைகளுக்கும், 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லாவோஸுக்கும், அங்கிருந்து தாய்லாந்துக்கும் இறங்கின.

இறங்கின என்று எழுதினேன், ஆனால் உயரம் குறையவில்லை. பள்ளத்தாக்கில் நஞ்சை நிலம் முழுக்கத் தாய், லாவோ மக்களிடம் இருந்தது. நடுச்சரிவில் க்மு மக்கள். மிச்சம் இருந்தது ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள முகடுகள்தான். நெல் அங்கே சரியாக வராது. கைகொடுத்தது மக்காச்சோளம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து சீனாவுக்கு வந்து மலைச் சரிவுகளில் ஏறிய பயிர். அதே உயரத்தில் நன்றாக வளர்ந்த இன்னொரு பயிர் அபினிச் செடி. பிற்பாடு அந்தப் பகுதியை ஆள வந்த பிரெஞ்சுக்காரர்கள் அபினி வாணிபத்தைத் தங்கள் ஏகபோகமாக வைத்துக்கொண்டு, ஹ்மோங் விவசாயியிடம் வரியும் கேட்டார்கள். 1918-இல் பா சாய் வூ என்பவர் தலைமையில் பெரிய கலகம் எழுந்தது. மூன்று வருடம் நீடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதைப் 'பைத்தியக்காரன் போர்' என்று எழுதிவைத்தார்கள். ஹ்மோங் குடும்பங்களில் பா சாய் இன்றும் வீரன்.

இத்தனை சிதறலிலும் ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுகொண்டார்கள்? குலம். இரண்டு ஹ்மோங்குகள் முதன்முறை சந்தித்தால் ஊர் கேட்பதற்கு முன் 'நீங்கள் எந்தச் செங்?' என்று கேட்பார்கள். செங் என்றால் குலம். வாங், யாங், லீ, ஷியோங், தாவ், மூவா, ஹெர் என்று அமெரிக்காவில் வழக்கமாகப் 18 குலம் எண்ணுகிறார்கள். ஒரே குலத்தார் முன்பின் பார்த்திராவிட்டாலும் அண்ணன் தம்பி முறை. அந்தக் குலத்துக்குள் பெண் எடுக்கவோ கொடுக்கவோ முடியாது. கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தன் பிறந்த குலப் பெயரையே வைத்துக்கொள்வாள். முகடு முகடாகத் தனித்தனிக் கிராமங்களாக வாழ்ந்த மக்களுக்கு இதுதான் முகவரி.

வெள்ளை, பச்சை, இன்னும் சில நிறங்கள்

இனி பேச்சுவழக்குகள். வியட்நாமில் பயணம் போனவர்கள் 'கறுப்பு ஹ்மோங்', 'பூ ஹ்மோங்' என்று கேள்விப்பட்டிருப்பார்கள். சா பா ஊரில் அவுரி நீலத்தில் தோய்த்துக் கிட்டத்தட்டக் கறுப்பாகவே ஆன உடை. பாக் ஹா சந்தையில் கண்ணைப் பறிக்கும் பூ வேலைப்பாடு. இந்த நிறப் பெயர்கள் பெரும்பாலும் பெண்களின் உடையிலிருந்து வந்தவை, பலவற்றை வெளியாட்களே சூட்டினார்கள். ஆகவே துணியைப் பார்த்து மொழியைச் சொல்லிவிட முடியாது.

லாவோஸ், தாய்லாந்து, அமெரிக்கா ஆகிய இடங்களில் பேசப்படுவதை எடுத்துக்கொண்டால் கணக்கு எளிது. முக்கியமான வழக்குகள் இரண்டு. ஒன்று 'ஹ்மோங் தாவ்', அதாவது வெள்ளை ஹ்மோங். இவர்களின் பெண்கள் விழா நாளில் கட்டுவது சணல் நூலில் நெய்து மடிப்பு வைத்த வெள்ளைப் பாவாடை. மற்றது 'மோங் லெங்'. பச்சை அல்லது நீல ஹ்மோங் என்று பிறர் சொல்வது இவர்களைத்தான். இவர்களின் பாவாடையில் தேன்மெழுகால் கோலம் எழுதி அவுரியில் முக்கி எடுத்திருப்பார்கள். இரண்டு வழக்குக்காரர்களும் ஒருவருக்கொருவர் பேசினால் புரியும்; கொஞ்சம் காது பழக வேண்டும்.

வேறுபாடு எங்கே? மேலே சொன்ன மூச்சு ஒலி முதல் வேறுபாடு. வெள்ளை வழக்கில் 'ஹ்மோங்', லெங் வழக்கில் மூச்சு போய் வெறும் 'மோங்'. அடுத்தது 'த' ஒலி. கறுப்பு என்பதற்கு வெள்ளை வழக்கில் 'து', லெங் வழக்கில் 'த்லு'. நாய்க்கு 'தே', 'த்லே'. உயிரொலியும் மாறும்: புதியது என்பதற்கு ஒருவர் 'ச்சியா' என்றால் மற்றவர் 'ச்சா' என்பார். பூவுக்கு 'பா' என்றால் மற்றவர் மூக்கொலி சேர்த்துப் 'பாங்' என்பார். இதில் எது பழையது, எது திரிந்தது என்று கேட்கத் தோன்றும். இரண்டும் தலா ஒன்றைக் காப்பாற்றியிருக்கின்றன. மூச்சு ஒலி பழையது, அதை வைத்திருப்பது வெள்ளை வழக்கு. 'த்ல' என்ற கூட்டொலி பழையது, அதை வைத்திருப்பது லெங் வழக்கு. ஆகவே 'சுத்தமான ஹ்மோங் எங்களுடையது' என்று யாரும் மார்தட்ட இடமில்லை.

இடம் இல்லாவிட்டாலும் சண்டை வந்தது. 2003-இல் கலிபோர்னியாவில், தென்கிழக்காசிய அகதிகளின் வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிப்பது பற்றிய சட்டவரைவில் 'ஹ்மோங்' என்ற பெயர் மட்டும் இருந்தது. மோங் லெங் தரப்பில் சிலர், 'மூச்சு ஒலியோடு எழுதினால் அது வெள்ளை வழக்கின் பெயர், நாங்கள் எங்கே போனோம்?' என்று எதிர்த்தார்கள். வெளியாளுக்கு ஒரு எழுத்து. அவர்களுக்கு அது யார் யாருக்குள் அடக்கம் என்ற கேள்வி.

சீனாவுக்குள் போனால் படம் இன்னும் விரியும். ஹ்மோங் மொழி அங்கே மேற்கு மியாவ் என்ற பெரும் பிரிவில் வருகிறது. சிச்சுவான், குய்சோ, யுன்னான் மூன்று மாநிலமும் தொடும் மலைப்பகுதி அது. கிழக்கே ஹ்மு, வடக்கே ஷோங். இந்த மூன்றையும் சீனத்தில் 'வட்டார வழக்கு' என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்துவதாகத் தெரியவில்லை. தமிழும் கன்னடமும் ஒரே மொழியின் வழக்குகள் என்றால்தான் இவையும் வழக்குகள்.

சுரம் மாறினால் பொருள் மாறும்

எந்த வழக்கானாலும் ஹ்மோங் பேச்சின் உயிர் சுரத்தில் இருக்கிறது. ஒரே அசையை உயர்த்தி, இறக்கி, வளைத்து, மூச்சு கலந்து, தொண்டையை இறுக்கிச் சொல்லலாம். ஏழு சுரங்கள், சில இடங்களில் எட்டாவதும் ஒன்று. 'போ' என்ற அசையைப் பாருங்கள். உயரமாகச் சொன்னால் உருண்டை, பந்து. உயரத்திலிருந்து விழுந்தால் பெண். நடுவிலிருந்து ஏறினால் எறிவது. சமமாகச் சொன்னால் மண்ணீரல். தாழ்த்தினால் முள். மூச்சு கலந்து இறக்கினால் அப்பாவைப் பெற்ற பாட்டி. தாழ்த்தித் தொண்டையில் சட்டென்று அடைத்தால் பார்ப்பது. புத்தாண்டு விழாவில் இளைஞர்களும் பெண்களும் எதிரெதிர் வரிசையில் நின்று பந்து வீசிப் பிடிப்பார்கள். கல்யாணப் பேச்சுக்கு முதல் படி அது. அந்த விளையாட்டின் பெயர் 'போ போ', பந்து எறிதல். நம் காதுக்கு யாரோ யாரையோ விரட்டுவதுபோல் இருக்கும். 'தே' என்ற அசையிலும் இதே கதைதான். ஒரு சுரத்தில் நாய், இன்னொன்றில் தண்ணீர். விருந்துக்குப் போகிறவர் கவனமாக இருக்க வேண்டும்.

'கெங்' என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. ஆறு மூங்கில் குழல்களைக் கோத்த ஊதுகருவி. சாவு வீட்டில் வழி சொல்லும் பாட்டு முடிந்ததும் கெங் ஊதுபவர் தொடங்குவார். வாசிப்பது இசை மட்டுமல்ல. சொற்களின் சுரத்தைக் கருவியின் சுரமாக மாற்றி இறந்தவரோடு பேசுகிறார். பழகிய காதுக்கு அதில் வாக்கியங்கள் கேட்கும்.

இந்தச் சுரங்களை எழுத்தில் எப்படிக் காட்டுவது? 1950களின் தொடக்கத்தில் லாவோஸில் ஸ்மாலி, பார்னி என்ற இரண்டு அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் ஊழியர்களும் பெர்த்ரே என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியாரும் சேர்ந்து ரோமன் எழுத்தில் ஒரு முறை செய்தார்கள். ஹ்மோங் அசைகள் 'ங்' தவிர வேறு மெய்யெழுத்தில் முடிவதில்லை. ஆக, அசையின் கடைசி இடம் காலி. அந்த இடத்தில் ஒரு மெய்யெழுத்தைப் போட்டு அதையே சுரக்குறி ஆக்கிவிட்டார்கள். 'பி' என்றால் உயர்ந்த சுரம், 'ஜே' என்றால் விழும் சுரம், 'எஸ்' என்றால் தாழ்ந்தது. மூக்கொலிக்கு உயிரெழுத்தை இரண்டு முறை எழுதினால் போதும். எனவே ஹ்மோங் என்பதை 'எச், எம், ஓ, ஓ, பி' என்று எழுதுவார்கள். தெரியாதவர் 'ஹ்மூப்' என்று படித்துவிட்டு விழிப்பார். சாதாரணத் தட்டச்சுப் பொறியில் கூடுதல் குறி எதுவும் இல்லாமல் எழுத முடிந்ததால் இந்த முறை பரவியது. சீன அரசு 1950களில் மேற்கு மியாவுக்குச் செய்த ரோமன் முறையும் இதே உத்தியைத்தான் பிடித்தது, எழுத்துகள் மட்டும் வேறு.

எழுத்தைப் பற்றி ஹ்மோங்கிடம் ஒரு பழங்கதை உண்டு. ஒருகாலத்தில் தங்களுக்கும் புத்தகம் இருந்தது, சீனர்களிடமிருந்து தப்பி ஆற்றைக் கடக்கும்போது போய்விட்டது என்பார்கள். தண்ணீரில் விழுந்தது என்று ஒருவர் சொல்வார், குதிரை தின்றுவிட்டது என்று இன்னொருவர். பெண்கள் எழுத்தைப் பாவாடைப் பூ வேலைக்குள் ஒளித்துவைத்தார்கள் என்றும் ஒரு வடிவம் உண்டு. 1959-இல் ஷோங் லூ யாங் என்ற விவசாயி, வியட்நாம்-லாவோஸ் எல்லைப் பக்கம், அந்தக் குறையைத் தீர்த்தார். எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாத அவர், தெய்வம் தனக்குக் காட்டியதாகச் சொல்லி 'பஹாவ்' என்ற எழுத்தை உருவாக்கினார். க்மு மக்களுக்கும் ஓர் எழுத்து கொடுத்தார். பஹாவில் அசையின் உயிர்ப்பகுதியை முதலில் எழுதி மெய்யை வலப்பக்கம் எழுத வேண்டும், படிப்பதோ மெய்யிலிருந்து. தமிழில் 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் வந்து ஒலி பின்னால் வருகிறதே, அதை எல்லா அசைக்கும் விரித்ததுபோல. மெய் எதுவும் எழுதாவிட்டால் 'க' என்று தானாகவே வைத்துக்கொள்ள வேண்டும். படிப்பறிவு இல்லாத ஒருவர் தன் மொழியின் ஒலிகளை இவ்வளவு நுட்பமாகப் பிரித்தது மொழியியலாளர்களை இன்றும் அசத்துகிறது. ஆனால் அவர் பின்னால் கூட்டம் சேர்ந்ததும் கம்யூனிஸ்டுகள், அரச தரப்பு இரண்டுமே அவரைச் சந்தேகித்தன. 1971-இல் கொல்லப்பட்டார்.

போரும் அதற்குப் பிறகும்

அவர் சாகும்போது லாவோஸில் போர் உச்சத்தில் இருந்தது. 1961-இல் அமெரிக்க உளவுத்துறை, வாங் பாவ் என்ற ஹ்மோங் தளபதியோடு கைகோத்து, கம்யூனிஸ்டுகளை எதிர்க்க ஒரு ரகசியப் படை திரட்டியது. லாவோஸ் நடுநிலை நாடு என்று உலகுக்குச் சொல்லிக்கொண்டே நடத்திய போர் அது. லோங் சியெங் என்ற பள்ளத்தாக்கில் வரைபடத்தில் இல்லாத விமானத்தளம் ஒன்று நகரமாகவே வளர்ந்தது. 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு விழுந்தது. படையில் ஆள் குறையக் குறையச் சிறுவர்கள் கையில் துப்பாக்கி வந்தது. ஹ்மோங் எல்லோரும் அமெரிக்கா பக்கம் என்ற பொதுப் பேச்சு தவறு. ஃபேடாங் என்ற தலைவரின் பின்னால் ஒரு பெரும்பகுதி கம்யூனிஸ்டுகளோடு நின்றது. அதன் வேர் லீ குலத்துக்கும் லோ குலத்துக்கும் இருந்த பழைய பகையில் இருக்கிறது. உலக அரசியல் வந்து குலச் சண்டையின் மேல் உட்கார்ந்துகொண்டது.

1975 மே மாதம், கம்யூனிஸ்டுகள் கை ஓங்கியதும், வாங் பாவ் விமானத்தில் வெளியேறினார். விமானத்தில் இடம் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்து, இரவில் மேகோங் ஆற்றை மூங்கில் கட்டையிலும் நீந்தியும் கடந்தார்கள். பலர் கரை சேரவில்லை. தாய்லாந்தில் பான் வினாய் முகாம் பெரிய ஊர் அளவுக்கு ஆனது. அங்கேதான் பூ வேலை செய்த பெண்கள், கோலங்களோடு போரையும் ஆற்றையும் துணியில் தைக்கத் தொடங்கினார்கள்.

அமெரிக்க அரசு அகதிகளை நாடு முழுக்கப் பிரித்து அனுப்பியது. ஓர் ஊரில் கூட்டம் சேரக்கூடாது என்பது திட்டம். சில வருடத்தில் ஹ்மோங்குகள் அந்தத் திட்டத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். ஒரே குலத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து, கார் ஏறி, கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவுக்கும் மினசோட்டாவின் செயின்ட் பாலுக்கும் விஸ்கான்சினுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். முகடு விட்டு முகடு போன அதே பழக்கம். 2002-இல் மீ மூவா மினசோட்டா மேலவைக்குத் தேர்வானார். செயின்ட் பாலில் வளர்ந்த சூனி லீ 2021-இல் டோக்கியோவில் ஜிம்னாஸ்டிக்ஸில் தங்கம் வாங்கினார். பிரான்ஸ் சிலரை 1977-இல் கயானாவின் ககாவ் என்ற கைவிடப்பட்ட ஊரில் குடியேற்றியது. காட்டைத் திருத்தத் தெரிந்த கைகள். இப்போது அங்கே சந்தைக்கு வரும் காய்கறியிலும் பழத்திலும் பெரும்பங்கு ஹ்மோங் தோட்டங்களிலிருந்து வருகிறது.

பஹாவ் எழுத்து 2014-இல் யூனிகோடில் சேர்ந்தது. அமெரிக்காவில் 1980களில் ஒரு போதகர் உருவாக்கிய இன்னோர் எழுத்து 2019-இல் சேர்ந்தது. கைப்பேசியில் ஊருக்குச் செய்தி அனுப்பும்போது பெரும்பாலோர் தட்டுவது என்னவோ அந்தப் பழைய ரோமன் எழுத்தைத்தான். முதல் வார்த்தை 'நியோ ஜோங்' என்று இருக்கும். வணக்கம் என்று மொழிபெயர்ப்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நன்றாக இரு'. அந்த முதல் சொல்லுக்கு வசிப்பது, தங்குவது என்ற பொருளும் உண்டு.